மூச்சைக் கவனித்தால் தீசிஸ் முடியுமா?

பிரிவு: ஆய்வு மாணவர்கள், தென்னாப்பிரிக்கா

பைன்டவுன்காரி

எல்லோருக்கும் வணக்கம். கல்வியியலில் பகுதி நேரமாக முனைவர் பட்டம் செய்கிறேன். பகலில் பள்ளிக்கூட வேலை. தரவு சேகரித்தாயிற்று, நேர்காணல்களை எழுத்தில் இறக்கியும் முடித்தாயிற்று. ஆனால் முடிவுகள் அத்தியாயத்தில் நின்றுபோனேன். லேப்டாப்பைத் திறந்தால் தூக்கம் வருகிறது, மூடினால் தூக்கம் போய்விடுகிறது.

போன வாரம் மாணவர் நலப் பிரிவிலிருந்து ஒரு மெயில் வந்தது. எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, அதாவது மூச்சு மாதிரி ஒன்றைக் கவனித்து மனத்தை இந்தக் கணத்தில் நிறுத்தும் பயிற்சி, ஜூமில், இலவசம். மன அமைதி தரும், உற்சாகம் தரும், படிப்பில் விடாமுயற்சியை வளர்க்கும் என்று போட்டிருந்தார்கள். மன அமைதிக்கு எங்கள் வீட்டில் சாமி விளக்கு இருக்கிறது, அம்மா இருக்கிறார். எனக்கு வேண்டியது அந்த மூன்றாவது. அது உண்மையிலேயே வருமா? யாராவது போயிருக்கிறீர்களா? ஆராய்ச்சி ஏதும் உண்டா, அல்லது சும்மா விளம்பரமா? வாரம் ஒரு மாலையை இதற்குக் கொடுத்தால் அது எழுதும் நேரத்திலிருந்துதான் போகும். அதனால்தான் கேட்கிறேன்.

ஜோபர்க் ஜன்னல்

உதவித்தொகை எப்போது வரும் என்று ஒரு மெயில் அனுப்பியிருந்தால் விடாமுயற்சி இன்னும் வேகமாக வளர்ந்திருக்கும்.

எண்ணும் எழுத்தும்

அக்கா, நான் உளவியல் துறையில் மாணவர்களுக்குப் புள்ளியியல் உதவி செய்பவன். நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரே கோட்டில் வைக்கும் ஆய்வுகள் என் மேசைக்கு அடிக்கடி வரும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகுப்பு முறை 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது. அவரிடம் வந்தவர்கள் மாணவர்கள் அல்லர். நாள்பட்ட வலியோடு வாழ்ந்த நோயாளிகள். வலியை ஒழிப்பதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை, வலியோடு நடக்கும் ஓயாத சண்டையைக் குறைக்கப் பார்த்தார். இதை மனத்தில் வையுங்கள். அத்தியாயம் கடினமாக இருப்பது ஒன்று. அதைத் தொடும்போதெல்லாம் “நான் லாயக்கில்லை” என்று உள்ளே ஓடும் பேச்சு இன்னொன்று. வகுப்பு தொடக்கூடியது இரண்டாவதை மட்டும்தான்.

அடுத்து அந்த மெயிலில் உற்சாகம் என்று போட்டது. ஆய்வில் அதற்கு ரிச்சர்ட் ரயனும் கிறிஸ்டினா ஃபிரெடெரிக்கும் 1997இல் ஓர் அளவுகோல் செய்தார்கள், ஏழே வாக்கியம். நான் அதைத் தெம்பு என்று சொல்வேன். காப்பி குடித்த படபடப்பை அவர்கள் இதில் சேர்க்கவில்லை. கெடு நாளுக்கு முந்தின ராத்திரி பயத்தில் விழித்திருந்து எழுதுபவரிடம் வேகம் இருக்கும், இந்தத் தெம்பு இருக்காது. தானாக விரும்பி ஒன்றைச் செய்யும்போது உள்ளே ஊறுகிற சக்தி அது.

மைண்ட்ஃபுல்னெஸ்ஸை அளக்க பிரவுனும் அதே ரயனும் 2003இல் 15 வாக்கியங்களில் ஒன்று செய்தார்கள். தியானம் செய்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை. எவ்வளவு அடிக்கடி நினைவில்லாமல், எந்திரம் மாதிரி காரியங்களைச் செய்கிறீர்கள் என்றுதான் திருப்பித் திருப்பிக் கேட்கும். வாழ்நாளில் கண்ணை மூடி உட்காராத மீன்காரர்கூட இதில் நல்ல மதிப்பெண் வாங்கலாம்.

ஆய்வுகள் போடும் கோடு இதுதான்: கவனம் கூடினால் தெம்பு கூடும், தெம்பு கூடினால் விடாமுயற்சி கூடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, வீண் யோசனையில் சக்தி கரைவது நமக்கே தெரியும். ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில் மூன்று கேள்வித்தாளையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே உட்காரலில் நிரப்புகிறார். அன்றைக்கு மேற்பார்வையாளர் நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் மூன்றுமே ஏறும், திட்டியிருந்தால் மூன்றுமே இறங்கும். எது எதை உண்டாக்கியது என்று அந்தத் தரவு சொல்லாது. மென்பொருள் அம்புக்குறி போட்டுத் தரும், அவ்வளவுதான்.

பைன்டவுன்காரி

நன்றி தம்பி. அப்படியானால் அம்பு திரும்பியும் போகலாம், இல்லையா? அத்தியாயம் நகர்ந்தால் தெம்பு வரும், தெம்பு வந்தால் கவனம் தானாக நிற்கும். என் விஷயத்தில் அப்படித்தான் தோன்றுகிறது. நேர்காணல் எடுத்துக்கொண்டிருந்த மாதங்களில் எனக்கு எந்த வகுப்பும் தேவைப்படவில்லை.

எண்ணும் எழுத்தும்

போகலாம். அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் இரண்டே வரியில் சொல்லிவிட்டீர்கள்.

ஜோபர்க் ஜன்னல்

சரி, கிண்டலை விட்டுப் பேசுகிறேன். எனக்கு இந்த வகுப்புகள் மேல் கோபம் இல்லை, அவை வரும் நேரத்தின் மேல்தான். 2023இல் லோட்ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டு ஆறாம் நிலைக்குப் போனபோது ஒரு நாளில் பாதிப் பொழுது மின்சாரம் இல்லை. ஆய்வகத்தில் சூளையைச் சூடாக்கி முடிக்கும் முன் கரண்ட் போகும், மாதிரி வீண். அந்த வருடம் எங்களுக்கு அனுப்பப்பட்டது மன உறுதிப் பட்டறைக்கான அழைப்பு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.

என்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகை முழு நேர மாணவர்களுக்கு, வயது வரம்பும் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஆசிரியை எங்கே போவார்? “உன் மனத்தைச் சரிசெய்” என்று சொல்லும்போது “மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்று சொல்லாமல் சொல்வதாகிவிடுகிறது. அதுதான் உறுத்துகிறது.

தோங்காட் தாத்தா

பிள்ளைகளே, இங்கே நான் படிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இன்று எழுதுகிறேன். என் தமிழ் கோயில் பாடசாலையில் மாலை நேரத்தில் கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1959இல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் கல்லூரி என்று பிரித்தது. இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரி 1961இல் டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் திறந்தது. பிள்ளைகள் படகில் போய்ப் படித்தார்கள். வெஸ்ட்வில் மலைக்கு மாறியது 1970களின் தொடக்கத்தில். பிறகு 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. இது உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான்.

நான் அந்தத் தீவுக்குப் போகவில்லை, வீட்டில் வசதி இல்லை. ஆசிரியர் வேலையில் சேர்ந்து, யூனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியாகப் படித்தேன். 1946இலிருந்தே அவர்கள் தபால் வழிப் படிப்பு நடத்துகிறார்கள். பாடம் தபாலில் வரும், விடைத்தாள் தபாலில் போகும், மதிப்பெண் வர வாரக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் யாருக்குத் தெரியும்? எங்களுக்கு இருந்தது ரோஷம். “இவர்களுக்கு இது போதும்” என்று ஒருவன் எழுதி வைத்ததைப் பொய்யாக்கவேண்டும் என்ற ரோஷம். அப்புறம் ஆட்கள். சனிக்கிழமை மதியம் ஊரிலிருந்த நாலைந்து வாத்தியார்கள் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்காருவோம். ஒருவர் விடைத்தாளை மற்றவர் படிப்பார். சண்டை வரும். யாராவது இரண்டு சனிக்கிழமை வராவிட்டால் மூன்றாவது வாரம் அவர் வீட்டுக்கே போய் நிற்போம். பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் வெட்கப்படுத்தித்தான் சிலரைப் பாஸ் பண்ண வைத்தோம்.

தனியாகப் படித்தவர்களில் பாதியில் விட்டவர்கள் என் கண்ணுக்கு நிறையத் தெரிகிறார்கள். புத்தி குறைவு என்று சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து நிற்க ஆள் இல்லை.

சாட்ஸ்வர்த் பையன்

தாத்தா சொல்வது காவடி மாதிரிதான். தைப்பூசத்துக்கு முன் பத்து நாள் விரதம் இருந்து, வெறுங்காலில் தார்ரோட்டில் நடக்கிறோம். ஜனவரி, பிப்ரவரி டர்பன் வெயில் எப்படி என்று சொல்லவேண்டாம். தனியாக நட என்றால் நான் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவேன். அத்தை ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், பின்னால் தவில். கால் தானாகப் போகும். மாஸ்டர்ஸ் படிப்பில் எனக்குத் தவில் இல்லை, அதுதான் பிரச்சினை.

ஜோபர்க் ஜன்னல்

காவடிக்கு முடிவு நேரம் உண்டு தம்பி. மதியத்துக்குள் கோயில் வந்துவிடும். பிஎச்டியில் கோயில் எங்கே இருக்கிறது என்று மேற்பார்வையாளருக்கே தெரியாது.

எண்ணும் எழுத்தும்

😀 இதை என் துறைச் சுவரில் ஒட்டப்போகிறேன்.

அக்கா கேட்ட கேள்விக்கு இன்னொரு பாதி பாக்கி. கேள்வித்தாள் ஆய்வுகளை விட்டுவிட்டு, சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனைகளைப் பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை அப்படிப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மனநல உதவியோடு எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பும் கிடைத்தது, மற்றதற்கு வழக்கமான உதவி மட்டும். தேர்வுக் காலத்தில் அளந்தபோது வகுப்புக்குப் போனவர்களின் மன உளைச்சல் குறைவாக இருந்தது. 2018இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்தது. நல்ல ஆய்வு, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

ஆனால் பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த பெரிய சோதனையின் முடிவு 2022இல் வந்தது. அங்கே மைண்ட்ஃபுல்னெஸ் பாடம், பிள்ளைகளின் மனநலத்தைப் பொறுத்தவரை, பள்ளிகள் வழக்கமாகச் செய்வதைவிட மேலாக இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இது: கேம்பிரிட்ஜில் வந்தவர்கள் தாங்களே பெயர் கொடுத்து வந்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கால அட்டவணையில் ஒரு பீரியட். வயதும் வேறு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் உட்கார வைக்கப்பட்ட தியானமும் உட்கார்ந்த தியானமும் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. கேம்பிரிட்ஜில் குறைந்தது உளைச்சல். பட்டம் முடித்தார்களா என்று அந்த முடிவு சொல்லவில்லை. மெயிலில் விடாமுயற்சி என்று போட்டவர் கொஞ்சம் கூட்டித்தான் போட்டிருக்கிறார்.

கேப் டவுன் கெமிஸ்ட்

மதுரைப் பக்கம் என் ஊர், இங்கே வேதியியலில் மூன்றாம் ஆண்டு. நான் இந்த மாதிரி வகுப்புக்குப் போயிருக்கிறேன், அதனால் அனுபவம் சொல்கிறேன்.

முதல் சில வாரம் எனக்கு ஆகவே இல்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனி என்றால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அப்பா தவறின வருடம் அது. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வராந்தாதான் தெரியும். மற்றவர்கள் எல்லாம் சாந்தமாக உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. பிறகு படித்துப் பார்த்தேன். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லபி பிரிட்டன் என்ற ஆய்வாளர் தியானத்தில் வரும் பயம், பதற்றம், தூக்கமின்மை போன்றவற்றையே பல வருடமாக ஆய்வு செய்கிறார். ஆக, நான் ஒருத்தி மட்டும் இல்லை.

நடத்திய அம்மா நல்லவர். “கண்ணைத் திற. மூச்சைக் கவனிக்கவேண்டாம். கால் தரையில் படுவதை மட்டும் கவனித்துக்கொண்டு நட” என்றார். அது ஒத்துவந்தது. இப்போது ஆய்வகத்திலிருந்து டாக்சி நிற்கும் இடம் வரை போனை எடுக்காமல் நடக்கிறேன். அவ்வளவுதான் என் மைண்ட்ஃபுல்னெஸ். காற்று அடிக்கிற நாளில் இந்த ஊரில் வேறெதையும் கவனிக்கவும் முடியாது.

ஆய்வேடு நகர்ந்ததா என்றால், வேதிவினை தோற்ற நாளில் வீட்டுக்குப் போய் அதையே நினைத்து மருகுவது குறைந்தது. மறுநாள் காலை அடுப்பில் வைப்பதற்கு எனக்குள் ஏதோ மிச்சம் இருந்தது. தெம்பு என்று சொன்னீர்களே, அதுவாக இருக்கலாம். ஆனால் வினை வெற்றி பெற்றது வேறு காரணத்தால். கரைப்பானை மாற்றினேன்.

வெருலம் ஆலோசகர்

நான் மனநல ஆலோசகர். கெமிஸ்ட் தங்கச்சி எழுதியதற்கு நன்றி. இழப்பு, விபத்து, வன்முறை போன்றவற்றைப் பார்த்தவர்கள் உள்ளே கவனத்தைத் திருப்பும்போது இப்படி நடப்பது உண்டு. நம் ஊரில் அப்படிப் பார்க்காதவர்கள் குறைவு. 2021 ஜூலைக் கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம், இரண்டையும் தாண்டி வந்த மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள். வகுப்பு நடத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், எழுந்து நடக்கலாம், வெளிச் சத்தத்தைக் கவனிக்கலாம். “அப்படியே தாங்கிக்கொள், சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னால் அந்த வகுப்பை விட்டு வந்துவிடுங்கள்.

பைன்டவுன் தங்கச்சி, நீங்கள் எழுதிய தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. எழுத உட்கார்ந்தால் மட்டும் தூக்கம் வருகிறதா, அல்லது முன்பு பிடித்த எதிலும் இப்போது பிடிப்பு இல்லையா? சாப்பாடு, தூக்கம், சிரிப்பு எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் மாறியிருந்தால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால், அது தெம்புக் குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். இரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும்தானே. சடாக் என்று அழைக்கப்படும் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழு இலவசத் தொலைபேசி உதவி நடத்துகிறது, அதையும் பயன்படுத்தலாம்.

பைன்டவுன்காரி

அக்கா, கேட்டதற்கு நன்றி. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனால் சிரிப்புக்குக் குறைவில்லை, பிரியாணியும் இறங்குகிறது. அந்த அத்தியாயம் மட்டும்தான். ஆனாலும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன்.

பெயர் வேண்டாம்

இதைச் சொல்லலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பல்கலைக்கழகம், ஊர் எதுவும் சொல்லமாட்டேன்.

ஓர் அத்தியாயம் கொடுத்தால் எனக்குப் பதில் வரப் பருவம் மாறிவிடும். வரும்போது “மேலும் ஆழமாக” என்று ஒரே வரி. பிறகு தலைப்பை மாற்றச் சொன்னார். மாற்றினேன். பழைய தலைப்பே தேவலை என்றார். நான் தினமும் தியானம் செய்பவன், சின்ன வயதிலிருந்து பழக்கம். தியானம் எனக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டியது: நான் சோம்பேறி இல்லை, எனக்குத் திசை இல்லை. அது தெரிந்தபின் தெம்பு கூடவில்லை. கோபம்தான் கூடியது. அந்தக் கோபத்தில் போய் இணை மேற்பார்வையாளர் கேட்டு மனு எழுதினேன், கிடைத்தது.

கவனம் வந்தால் சாந்தம் வரும் என்று ஏன் எல்லோரும் எடுத்துக்கொள்கிறீர்கள்?

தோங்காட் தாத்தா

சபாஷ் தம்பி. இது ரோஷம்.

மேசைக்கு அந்தப்பக்கம்

நான் மேற்பார்வையாளர். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருக்கிறேன்.

மேலே எழுதிய தம்பிக்கு நடந்தது தவறு, அதற்குச் சாக்கு சொல்லமாட்டேன். ஆனால் அது ஏன் இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தேசிய வளர்ச்சித் திட்டம் 2030க்குள் பத்து லட்சம் பேருக்கு 100 முனைவர்கள் ஆண்டுதோறும் வெளிவரவேண்டும் என்கிறது. 2010இல் அது 28. இன்னொரு பக்கம் அரசு மானியக் கணக்கு. அதில் ஆய்வு மாஸ்டர்ஸ் பட்டம் ஒன்றுக்கு ஓர் அலகு, முனைவர் பட்டம் ஒன்றுக்கு மூன்று அலகு. ஆக, நிறையப் பேரைச் சேர்க்கவும் முடிக்கவைக்கவும் எல்லோருக்கும் ஆசை. மேற்பார்வை செய்யத் தகுதியுள்ளவர்கள் அதே வேகத்தில் பெருகவில்லை. என்னிடம் இருக்கும் மாணவர்களில் பலர் இந்த அக்கா மாதிரி, வேலை, குடும்பம் எல்லாம் முடிந்து ராத்திரி எழுதுபவர்கள். தென்னாப்பிரிக்க அறிவியல் அகாதெமி 2010இல் முனைவர் படிப்பைப் பற்றி வெளியிட்ட அறிக்கையைப் பார்த்தாலும் இதே படம்தான்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் மாணவர்களிடம் செய்த ஆய்வு 2017இல் வந்தது. மூன்றில் ஒருவருக்கு மனநலக் கோளாறு வரும் அபாயம் என்ற எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியம் அதன் பின்பாதி. எது அதோடு சேர்ந்து வந்தது என்று பார்த்தால் வேலைக்கும் குடும்பத்துக்கும் நடக்கும் இழுபறி, வேலைச் சுமை, தன் வேலையைத் தான் தீர்மானிக்க முடியாமை, மேற்பார்வையாளர் வழிநடத்தும் விதம். இந்தப் பட்டியலில் மாணவர் தனியாக மூச்சுப் பயிற்சியால் மாற்றக்கூடியது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ரயன் என்று மேலே ஒரு பெயர் வந்ததே, அவரும் எட்வர்ட் டெசியும் பல பத்தாண்டாகச் சொல்வதும் இதுதான். தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, நம்மால் முடிகிறது என்ற உணர்வு, நம்மை மதிக்கும் ஆட்கள். இந்த மூன்றும் இருந்தால் தெம்பு ஊறும். மூன்றிலும் எனக்குப் பங்கு இருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் பதில் தராத மேற்பார்வையாளர் மாணவரை மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்புக்கு அனுப்பக்கூடாது. முதலில் பதில் எழுதட்டும்.

ஜோபர்க் ஜன்னல்

ஐயா, உங்களிடம் இடம் காலி இருக்கிறதா?

மேசைக்கு அந்தப்பக்கம்

இல்லை. அதுதான் பிரச்சினை என்று இப்போதுதானே எழுதினேன்.

சாட்ஸ்வர்த் பையன்

ஒரு சந்தேகம். விடாமுயற்சி என்பது பிறவியிலேயே வருவதில்லையா? சிலருக்கு கிரிட் இருக்கும், சிலருக்கு இருக்காது என்று ஒரு மோட்டிவேஷன் வகுப்பில் சொன்னார்கள்.

எண்ணும் எழுத்தும்

அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியது ஏஞ்சலா டக்வொர்த், 2007இல் வந்த கட்டுரை. பத்து வருடம் கழித்து மார்கஸ் கிரேடேயும் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள், ஏறக்குறைய 67,000 பேரின் தரவு. கிரிட் என்பது உளவியலில் ஏற்கெனவே இருந்த பொறுப்புணர்ச்சி என்ற குணத்தோடு பெரும்பாலும் ஒன்றாகத்தான் போகிறது, படிப்பில் வெற்றியை முன்கூட்டிச் சொல்வதிலும் பெரிய வித்தைக்காரன் இல்லை என்று வந்தது. அதிலும் ஒரே ஆர்வத்தில் வருடக்கணக்கில் நிற்பது என்ற பாதி பலவீனம். முயற்சியில் தளராமை என்ற பாதிக்குத்தான் கொஞ்சம் வலு இருக்கிறது. ஆர்வம் அவ்வப்போது அலைந்தால் குற்றவுணர்ச்சி வேண்டாம். மறுநாள் திரும்ப வந்து உட்கார்ந்தால் போதும்.

மோட்டிவேஷன் வகுப்புக்குக் காசு கொடுத்தாயா?

சாட்ஸ்வர்த் பையன்

இலவசம் அண்ணா. சாப்பாடும் போட்டார்கள்.

மரம் செடி கொடி

சூழலியல் மாணவி. யாரும் வெளியே போவதைப் பற்றிப் பேசவில்லையே. ரயன் குழு 2010இல் தெம்பையும் வெளியிடத்தையும் சேர்த்து ஓர் ஆய்வுத் தொகுப்பு போட்டது. மரம் செடி நடுவில் இருப்பதே தெம்பைக் கூட்டுகிறது, நடப்பதால் வரும் பலனையும் கூட ஆள் இருப்பதால் வரும் பலனையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் இருக்கிறது என்று கண்டார்கள். டர்பனில் நமக்கு 1849இலிருந்து தாவரவியல் பூங்கா இருக்கிறது, வெஸ்ட்வில் பக்கம் பால்மியட் காடு இருக்கிறது.

ஆனால் பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பால்மியட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஆய்வுக்கட்டுரை எழுதியவர்களுக்கு “போனை வீட்டில் வைத்துவிட்டுக் காட்டில் நட” என்று சொல்வது சுலபம். இங்கே அந்தப் போனைக் காரில் எங்கே ஒளிப்பது என்பதிலிருந்து யோசிக்கவேண்டும். பூங்காவில் காவலர் இருக்கிறார், வார நாள் காலையில் பயமில்லை. மதிய உணவை அங்கே எடுத்துக்கொண்டு போகிறேன்.

பைன்டவுன்காரி

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அந்த எட்டு வார வகுப்பில் பெயர் கொடுக்கவில்லை. வகுப்பு கெட்டது என்பதால் அல்ல, என் குறை வேறு இடத்தில் என்று தோன்றியதால். தாத்தாவும் காவடித் தம்பியும் சொன்னதைப் படித்ததும் ஒன்று உறைத்தது. நேர்காணல் காலத்தில் வாரம் முழுக்க யாராவது ஓர் ஆசிரியையோடு பேசிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு கோப்போடு மட்டும் பேசுகிறேன்.

மேற்பார்வையாளருக்கு எழுதிவிட்டேன். முழு அத்தியாயம் கேட்காமல், ஒரே ஒரு கருப்பொருளை ஐந்து பக்கத்தில் அனுப்பினால் பார்ப்பீர்களா என்று. சம்மதித்தார். அதிசயமாக அன்றைக்கே பதில். இன்னொன்று, சனிக்கிழமை காலை ஜூமில் சேர்ந்து உட்கார்ந்து எழுத யாராவது வருகிறீர்களா? பேச்சு வேண்டாம், கேமரா மட்டும் போதும். வராதவர் வீட்டுக்கு வந்து நிற்க முடியாது, வாட்ஸ்ஆப்பில் நிற்கலாம்.

கேப் டவுன் கெமிஸ்ட்

நான் வருகிறேன் அக்கா. நடுவில் பத்து நிமிடம் நடக்க விடுங்கள்.

பெயர் வேண்டாம்

நானும். கேமரா இல்லாமல்.

புது மாணவன்

வணக்கம். உளவியல் மாஸ்டர்ஸ், தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமைக் குழுவையே எடுத்து, மைண்ட்ஃபுல்னெஸ், தெம்பு, விடாமுயற்சி மூன்றையும் அளந்து ஓர் ஆய்வு செய்யலாமா? கூகுள் ஃபாரம் இன்றைக்கே தயார் செய்துவிடுவேன்.

எண்ணும் எழுத்தும்

தம்பி, ஃபாரத்தை மூடு. முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி, அது இல்லாமல் ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. இந்த இழையிலிருந்து மேற்கோள் எடுப்பதென்றாலும் எழுதியவரிடம் தனித்தனியாகக் கேள். “பெயர் வேண்டாம்” என்று ஒருவர் பெயரே வைத்திருக்கிறார், பார்த்தாயா?

அனுமதி கிடைத்தால், மூன்றையும் ஒரே நாளில் அளக்காதே. பருவத் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் மூன்றையும் அள. அப்போதுதான் எது முன்னால் வந்தது என்று கொஞ்சமாவது தெரியும், இந்த அக்கா கேட்ட திரும்பும் அம்பும் பிடிபடும். விடாமுயற்சியைக் கேள்வித்தாளில் மட்டும் கேட்காமல் எத்தனை பக்கம் மேற்பார்வையாளருக்குப் போனது என்று எண்ணு, அது பொய் சொல்லாது. ஆள் போதாது, ஐந்து பேரை வைத்து அந்த அம்புக்குறிப் படம் வரையமுடியாது. வேறு பல்கலைக்கழகக் குழுக்களையும் சேர்க்கவேண்டியிருக்கும். திங்கட்கிழமை எனக்கு எழுது, பார்க்கலாம்.

ஜோபர்க் ஜன்னல்

சனிக்கிழமை நானும் உட்காருகிறேன். மைண்ட்ஃபுல்னெஸ் ஆட்கள் யாரும் ஆரம்பத்தில் மணி அடிக்கக்கூடாது, அது மட்டும் நிபந்தனை.

பைன்டவுன்காரி

மணி இல்லை. காலை 8 முதல் 11 வரை. இணைப்பைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், மைக்கை அணைத்து வையுங்கள். தாத்தா, நீங்களும் வாருங்கள், எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, செய்தித்தாள் படியுங்கள்.

தோங்காட் தாத்தா

வருகிறேன் அம்மா. ஜூம் எப்படித் திறப்பது என்று பேரன் வந்ததும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைதான் வருவான்.